நூலகச் சிறுகதைப் போட்டியும் நம் வியாபாரிகளும்



நூலகங்களும் சங்கங்களும் அவ்வப்போது சிறுகதைப் போட்டி நடத்துவதாக அறிவிக்கின்றன. அறிவிப்பைக் காணும் நம்மவரோ, "இது வாத்தியார்மாருக்கும் பட்டம் பெற்றவர்களுக்கும் உரிய காரியம், தராசு பிடிக்கும் நமக்கு இதில் என்ன வேலை?" என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். இவ்வெண்ணம் சரியன்று என்பதை எடுத்துக் காட்டுவதும், போட்டிக்குக் கதை எழுதி அனுப்பும் முறையை விளக்குவதுமே இப்பாடத்தின் நோக்கமாகும். நாம் எழுத்தாளர் அல்லோம். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் கற்றதே நம் படிப்பு. ஆகவே, கடைக்காரருக்குக் கடைக்காரர் சொல்லும் முறையிலேயே சொல்கிறோம்.

கணக்கு வேறு, கதை வேறு

முதலில் இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். நாம் வாழும் அம்பாங்கையே எடுத்துக்கொள்வோம். 1857ஆம் ஆண்டில் ராஜா அப்துல்லா, ஈயம் எடுப்பதற்காக 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பிவைத்தார். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் இறங்கி, காட்டு வழியாக நடந்து அவர்கள் அம்பாங் வந்து சேர்ந்தனர். ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் வாரிக்கொண்டு போக, 18 பேரே மிஞ்சினர்.

இது கணக்கு. இறந்தவர் 69 பேர் என்று இது நமக்குச் சொல்கிறது. ஆனால், அவர்களில் ஒருவர் கடைசி இரவில் யாரை நினைத்துக் கண்ணீர் விட்டார், மிஞ்சிய பதினெட்டுப் பேர் மறுநாள் காலையில் எந்த மனத்தோடு மண்வெட்டியைத் தூக்கினர் என்று இக்கணக்கு சொல்லாது. அதைச் சொல்வது கதையின் வேலை.

நம் பேரேடும் இத்தகையதே. 'பழைய பாக்கி 40 வெள்ளி, தள்ளுபடி' என்று அதில் எழுதியிருக்கும். ஏன் தள்ளுபடி செய்தோம் என்பது எழுதப்பட்டிராது. அந்த 'ஏன்' என்பதில்தான் கதை இருக்கிறது. கல்லாப்பெட்டிக்கு முன்னால் அமர்ந்து நாள்தோறும் நூறு முகங்களைப் பார்க்கும் வியாபாரிக்கு அத்தகைய 'ஏன்'கள் எத்தனை தெரியும்! சரக்கு நம்மிடம் நிறைய இருக்கிறது. கட்டிக் கொடுக்கும் முறைதான் தெரிய வேண்டும்.

இது நமக்குப் புதிதன்று

கதை என்பது பொய்தானே என்று தயங்குவோரும் நம்மில் உண்டு. பிறரை ஏமாற்றுவதற்காகச் சொல்வதே பொய். இது கதை என்று சொல்லுபவரும் கேட்பவரும் அறிந்தே, ஓர் உண்மையை விளங்கவைப்பதற்காகச் சொல்வது அப்படிப்பட்டதன்று. யூஸுப் நபியின் வரலாற்றை எத்தனை முறை கேட்டாலும் நம் உள்ளம் கரைகிறதல்லவா? கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் என்று பல வகை இலக்கியங்களை நம் புலவர்கள் தமிழுக்குத் தந்திருக்கிறார்கள். வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா 1572ஆம் ஆண்டிலேயே தோன்றியது.

உரைநடையிலும் நம்மவர் பின்தங்கவில்லை. கண்டியைச் சேர்ந்த சித்தி லெப்பை அவர்கள் 1885இல் அசன்பே சரித்திரம் என்னும் நாவலை வெளியிட்டார். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் 1887 முதல் 1890 வரை சிங்கைநேசன் என்னும் வாரப் பத்திரிகையை நடத்தினார். அதில் 1888இல் வந்த வினோத சம்பாஷணை என்னும் உரையாடல் பகுதியைச் சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமாகக் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அக்காலத்தில் வியாபாரம் செய்து செல்வம் குவித்தவர் எத்தனையோ பேர். அவர்களில் அநேகரின் பெயரும் மறந்துபோயிற்று. சிங்கைநேசனோ இன்றும் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்வடிவச் சேகரிப்பில் யாவரும் படிக்கக் கிடைக்கிறது. அச்சேறியதும் நூலகம் பாதுகாத்ததுமே இதற்குக் காரணம்.

வியாபாரம் எழுத்துக்குத் தடை என்பாருக்குத் தோப்பில் முகம்மது மீரான் அவர்களே பதில். நெல்லையில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே அவர் எழுதினார். சாய்வு நாற்காலி என்னும் நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

நம் நாட்டில் வாய்ப்புகள்

1950ஆம் ஆண்டையொட்டித் தமிழ் நேசனில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் 'கதை வகுப்பு' நடத்தினர். கதை எழுத விரும்பியவர்களுக்குப் பத்திரிகை வாயிலாகவே பயிற்சி கிடைத்தது. 1924இல் தொடங்கிய அப்பத்திரிகை 2019இல் நின்றுவிட்டது. கதை வெளியிடும் பக்கங்கள் குறையக் குறையப் போட்டிகளின் பயன் கூடுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1986 முதல் சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்த கதைகளைப் 'பேரவைக் கதைகள்' என்று நூலாக்கி வந்திருக்கிறது. நம்மவரான சை. பீர்முகம்மது அவர்கள் சிறுகதைகள் எழுதியதோடு நில்லாமல், மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளை 'வேரும் வாழ்வும்' என்ற பெயரில் தொகுத்தும் தந்தார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நூலகப் பொருள் ஒப்படைப்பு பற்றிய 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, மலேசியாவில் அச்சாகும் நூலின் பிரதிகளைத் தேசிய நூலகத்திற்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே, போட்டிக் கதை ஒன்று நூலில் இடம்பெற்றால், அது நம் கடை கைமாறிய பிறகும் இருக்கும். பரிசுப் பணம் செலவழிந்துவிடும், இது செலவழியாது.

எழுதி அனுப்பும் முறை

1. அறிவிப்பை முதலில் முழுவதும் படிக்க வேண்டும். எந்த மொழி, எத்தனை சொற்கள், எந்த வயதினர், கடைசித் தேதி எது என்பவற்றைக் குறித்துக்கொள்க. கதை சொந்தமாக எழுதியதாகவும் வேறெங்கும் வெளிவராததாகவும் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. கதைத் தாளில் பெயர் எழுதாமல் தனித்தாளில் எழுதும்படி சில இடங்களில் கேட்பார்கள். கொள்முதல் ஒப்பந்தத்தைப் படிப்பது போல இதையும் படிக்க வேண்டும். விதி தவறினால் நல்ல கதையும் தள்ளப்படும்.

2. பொருளை நம் வாழ்விலிருந்தே எடுக்க வேண்டும். அரசர்களையும் கொலைகளையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஓர் உதாரணம் சொல்வோம். பதினான்கு வயதில் கப்பலேறி வந்த கடைப்பையன், தாயாருக்குக் கடிதம் எழுதுகிறான்: 'நான் இங்கே கட்டிலில் படுக்கிறேன், கவலைப்படாதீர்கள்.' அவன் படுப்பதோ அரிசி மூட்டைகளுக்கு நடுவில். கடிதத்தில் உள்ளது ஒன்று, கடையில் நடப்பது ஒன்று. இவ்விரண்டுக்கும் இடையிலேதான் கதை இருக்கிறது.

3. ஒரே நிகழ்ச்சி, இரண்டு மூன்று பேர் போதும். பையன் பிறந்த ஊரின் வருணனையிலிருந்து தொடங்காமல், அவன் கடிதம் எழுதும் இரவிலேயே தொடங்க வேண்டும். பேச்சை நாம் பேசுகிறபடியே எழுதலாம். நடுவில் ஒரு மலாய்ச் சொல் வந்தால் குற்றமில்லை.

4. முடிவில் உபதேசம் கூடாது. விலாசம் எழுதித் தரும் முதலாளி அக்கடிதத்தைப் படித்துவிடுகிறார். ஒன்றும் சொல்லாமல் உறையை ஒட்டுகிறார். மறுநாள் கடைவாசலில் ஒரு கித்தான் கட்டில் வந்து இறங்குகிறது. கதை அங்கேயே முடிய வேண்டும். 'ஆகவே முதலாளிகள் இரக்கத்தோடு நடக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் எல்லாம் கெட்டுவிடும். கட்டிலே அதைச் சொல்லிவிட்டது.

5. எழுதியதை ஒரு வாரம் மூடிவைத்து, பிறகு வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாக்கு தடுக்குமிடத்தில் வாக்கியத்தைத் திருத்துக. அதிகமாய்த் தோன்றுவதை வெட்டிவிடுக. ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, கடைசித் தேதிக்குச் சில நாட்கள் முன்பே அனுப்பிவிடுக.

பரிசு கிடைக்காவிட்டால் நஷ்டம் என்ன? ஒரு சரக்கு முதல் சந்தையில் விற்காததால் கடையை மூடுகிறோமா? பரிசு பெற்ற கதைகளை நூலகத்தில் எடுத்துப் படித்து, நம் கதையில் குறைந்தது எது என்று பார்த்து, அடுத்த போட்டிக்கு எழுத வேண்டியதுதான்.

சகோதரர்களே! நம் பிள்ளைகள் பலர் மலாய் மொழியில் படித்து வளர்கிறார்கள். அவர்கள் மலாயில் கதை எழுதினாலும் பெருமையே. ஆனால், பாட்டனார் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார், முதல் கடைக்கு முதல் எங்கிருந்து வந்தது, பாட்டியார் தனியே ஊரில் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர் நாமே. நம் வீட்டுப் பெண்மக்களுக்கு இக்கதைகள் நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கடையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுப் பிள்ளைகளோடு நூலகத்திற்குப் போய்வாருங்கள். நாம் சொல்லாமல் விட்டதை நமக்காக வேறு யாரும் எழுதப் போவதில்லை.