பிழைப்பும் தொண்டும்: நாயன்மார்கள் சொல்லும் கணக்கு

அடுத்த முறை சிவாலயத்துக்குப் போகும்போது, பிராகாரத்தில் வரிசையாக நிற்கும் அறுபத்துமூவரின் முன்னால் சற்று நில்லுங்கள். பெரும்பாலும் நாம் மொத்தமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர்கள் யார், வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்தார்கள் என்று யோசித்ததுண்டா?

திருநீலகண்டர் பானை வனைந்தவர். அதிபத்தர் மீன் பிடித்தவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தவர். கலியர் எண்ணெய் வணிகர். நேசர் நெசவாளி. அமர்நீதியார் துணி வணிகர். ஏனாதிநாதர் வாள் பயிற்சி கொடுத்தவர். இளையான்குடி மாறனார் விவசாயி. இவர்களில் பலர் குடும்பஸ்தர்கள். நாளைய அடுப்புக்கு என்ன வழி என்ற கவலை அவர்கள் வீட்டிலும் இருந்தது!

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். கீழே உள்ள மூன்று குரல்களில் ஒன்றாவது உங்கள் வீட்டில் ஒலித்திருக்கும்.

'பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நானும் வேலைக்கு ஓட வேண்டும். விளக்கேற்றுவதே பெரும்பாடு. இதில் பூஜை ஏது, புனஸ்காரம் ஏது?'

'நான் வீட்டோடு இருப்பவள். சம்பாத்தியம் இல்லை. கோயிலுக்கு ஒரு படி எண்ணெய் வாங்கித் தரவும் அவரிடம்தான் கை நீட்ட வேண்டும்.'

'என் கணவர், வேலையை விட்டுவிட்டுக் கோயில் கைங்கர்யத்தில் இறங்கப்போகிறேன் என்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டுக் கடன் வேறு இருக்கிறது. நான் என்ன சொல்வது?'

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பிழைப்பு ஒரு பக்கம் இழுக்கிறது, 'எதற்காகப் பிறந்தோம்?' என்ற கேள்வி மறுபக்கம் இழுக்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்து நடத்துவது? பெரியபுராணத்தில் இதற்கு ஒரு வழியல்ல, பல வழிகள் இருக்கின்றன.

தொழிலே தொண்டு

காஞ்சிபுரத்தில் வாழ்ந்தவர் திருக்குறிப்புத் தொண்டர். வெளுப்பது அவரது குலத்தொழில். அடியார்களின் துணிகளை வெளுத்துக் கொடுப்பதையே சிவத்தொண்டாகச் செய்துவந்தார். அடியார்களின் மனக்குறிப்பை அறிந்து தொண்டு செய்ததால்தான் அவருக்கு இந்தப் பெயர்.

குளிர்காலத்தில் ஒருநாள், முதிய அடியார் வடிவில் வந்தார் ஈசன். அழுக்கேறிய கந்தல் ஒன்றுதான் உடுத்தியிருந்தார். 'பொழுது சாய்வதற்குள் வெளுத்து, உலர்த்தித் தரவேண்டும். இல்லாவிட்டால் குளிர் என்னை வருத்திவிடும்' என்பது அவர் விதித்த நிபந்தனை. தொண்டர் துணியை வாங்கிப்போய் அழுக்கு நீக்கிய நேரத்தில் வானம் இருண்டது. கொட்டித் தீர்த்தது மழை. பொழுதும் போய்விட்டது. 'முதியவரைக் குளிரில் வாட விட்டேனே' என்று கலங்கியவர், துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளத் துணிந்தார். அந்தக் கல்லிலிருந்தே ஈசனின் திருக்கரம் எழுந்து அவரைத் தடுத்தது!

கவனித்தீர்களா? ஈசன் வெளிப்பட்டது கருவறையில் அல்ல. அவர் தினமும் நின்று வேலை பார்த்த துவைகல்லில். பிழைப்பு நடந்த இடமே காட்சி கிடைத்த இடமும் ஆனது.

முதல் குரலுக்கு உரிய சகோதரியே, இது உங்களுக்கான பாடம். நீங்கள் ஆசிரியையா, செவிலியரா, வங்கியில் பணம் எண்ணுபவரா? உங்கள் முன்னால் வந்து நிற்பவரின் குறிப்பறிந்து செய்யும் எந்த வேலையும் தொண்டுதான். பாரம் எழுதத் தெரியாமல் தயங்கி நிற்கும் பாட்டியைத் திருப்பி அனுப்பாமல், இரண்டு நிமிடம் செலவழித்து எழுதிக்கொடுத்தால், காலையில் விட்டுப்போன அர்ச்சனையை அங்கே செய்துவிட்டீர்கள் என்று பொருள். அதே வேலையை முகம் சுளித்துக்கொண்டு செய்தால் அது வெறும் சம்பளம். வேலை ஒன்றேதான், செய்யும் மனம்தான் வேறு.

முதலில் எடுத்து வைத்த மீன்

எல்லாத் தொழிலிலும் தொண்டைக் கலந்துவிட முடியாது. கடலில் வலை வீசி மீன் பிடிப்பதில் அடியாருக்கு என்ன பணிவிடை செய்வது? நாகப்பட்டினத்துப் பரதவர் தலைவரான அதிபத்தர் வேறொரு வழி கண்டார். கிடைக்கும் மீன்களில் ஒன்றை, 'இது சிவனுக்கு' என்று கடலிலேயே விட்டுவிடுவார். மற்றவை தொழிலுக்கு.

அவர் பிடித்ததையெல்லாம் கடலில் விடவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் விட்டார். ஆனால், ஒருநாளும் தவறவில்லை. பிறகு சோதனை வந்தது. வலையில் ஒரே ஒரு மீன்தான் சிக்கியது. அதையும் விட்டார். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. செல்வம் கரைந்தது; சுற்றத்தார் பசியில் வாடினார்கள். அப்போது ஒருநாள், நவமணிகள் பதித்த பொன்மீன் ஒன்று மட்டும் வலையில் வந்தது. அதையும் 'ஈசனுக்கே' என்று கடலில் விட்டார். ரிஷபாரூடராகக் காட்சி தந்தார் ஈசன். இன்றைக்கும் ஆவணி மாத ஆயில்ய நட்சத்திரத்தில், நாகையில் தங்கமீன் விடும் விழா நடக்கிறது.

பொன்மீனை விட அவருக்கு எப்படி மனம் வந்தது? சாதாரண மீனை விட்டுவிட்டுப் பழகிய கை அது. சிறியதில் பழகாதவர்களுக்குப் பெரியது கைகூடாது. 'நிறைய சம்பாதித்த பிறகு கோயிலுக்குச் செய்யலாம்' என்று ஒத்திப்போடுபவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

இரண்டு கூலி, இரண்டு கணக்கு

கணமங்கலத்தில் தாயனார் என்ற வேளாளர் இருந்தார். செந்நெல் அரிசிச் சோறு, செங்கீரை, மாவடு மூன்றையும் நாள்தோறும் ஈசனுக்கு நிவேதனம் செய்வது அவரது நியமம். வசதியாக இருந்த வீடு. ஒருகட்டத்தில் வறுமை வந்தது.

தாயனார் என்ன செய்தார் தெரியுமா? கூலிக்கு நெல் அறுக்கப் போனார். அதிலும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். செந்நெல் அறுத்துக் கிடைத்த கூலி முழுவதும் ஈசனின் நிவேதனத்துக்கு. கார்நெல் அறுத்துக் கிடைத்த கூலி வீட்டுச் சாப்பாட்டுக்கு. ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது!

பிறகு இங்கும் சோதனை. கார்நெல் வேலையே கிடைக்காமல், செந்நெல் அறுப்பு மட்டுமே கிடைத்தது. வந்த கூலி அத்தனையும் ஈசனுக்கே போனது. வீட்டில் சோறு இல்லை. அவருடைய மனைவி, கொல்லையில் இருந்த கீரையைப் பறித்துச் சமைத்துப் போட்டார். பிறகு அதுவும் தீர்ந்தது. ஒருநாள், நிவேதனப் பொருட்களைச் சுமந்து வந்தவர் பசி மயக்கத்தில் இடறி விழ, எல்லாம் நிலவெடிப்பில் சிந்திவிட்டன. மனம் உடைந்தவர் அரிவாளால் தம் கழுத்தை அரியத் தொடங்க, வெடிப்பிலிருந்து ஈசனின் கை வெளிப்பட்டுத் தடுத்தது. மாவடு கடிபடும் ஓசையும் கேட்டது. அரிவாள் பூட்டிய அந்தச் செயலால் அவர் அரிவாட்டாய நாயனார் ஆனார்.

மூன்றாவது குரலுக்கு உரிய சகோதரியே, உங்கள் கணவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். தொண்டுக்காகத் தாயனார் வேலையை விடவில்லை, வேலைக்குப் போனார்! பிழைப்புக்கு ஒரு வேலை, மனதுக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்வது தாழ்வல்ல. வார நாட்களில் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமையில் உழவாரப்பணி என்று பலர் செய்வது இதைத்தான். கடன் அடைந்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு முழுநேரமும் கைங்கர்யத்துக்குப் போகலாம். கணவர் கைவிட வேண்டியது ஆசையை அல்ல, அவசரத்தை.

விலை கொடுப்பது யார்?

இந்த இடத்தில் ஒரு சங்கடமான கதையையும் பேசியாக வேண்டும். திருவொற்றியூர் கலிய நாயனார், கோயிலில் இரவும் பகலும் விளக்கேற்றி வந்தவர். செல்வம் கரைந்ததும், உறவினர்களிடம் எண்ணெய் வாங்கி விற்று, கிடைத்த கூலியில் விளக்கேற்றினார். அதுவும் நின்றபோது, செக்கு ஓட்டிக் கூலி வாங்கினார். அந்த வேலையும் கிடைக்காமல் போகவே, வீட்டை விற்றார். கடைசியில் மனைவியையே விற்க முயன்றார், வாங்குவார் யாருமில்லை. எண்ணெய்க்குப் பதிலாகத் தம் உதிரத்தால் விளக்கேற்றக் கழுத்தை அரியத் தொடங்கியபோது, ஈசன் கரம் பற்றித் தடுத்தார்.

மனைவியை விற்க முயன்றார் என்ற வரியைப் படிக்கும்போது எந்தப் பெண்ணுக்கும் நெஞ்சு திடுக்கிடும். திடுக்கிட வேண்டும். அடியாரின் பக்தி எந்த எல்லைக்கும் போகும் என்று காட்டவே சேக்கிழார் இதைச் சொல்கிறார். நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்ற விதி அல்ல இது. கலியரின் வழிகளில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, விளக்குக்காக அவர் செக்கில் நின்று உழைத்ததை.

ஒருவர் விரதம் எடுத்து, அதன் விலையை வீட்டில் இன்னொருவர் கொடுப்பதா? இந்தக் கேள்விக்கு இளையான்குடி மாறனார் வீட்டில் விடை இருக்கிறது. மழை கொட்டும் இரவில் அடியார் ஒருவர் வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. 'பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வாருங்கள்' என்று வழி சொன்னவர் மாறனாரின் மனைவி. இருட்டில் போய் அள்ளி வந்தார் மாறனார். விறகு இல்லை, கூரையின் கழிகளை அறுத்துப் போட்டார். கறிக்கு வழியில்லை; கொல்லைக் குழியில் முளைத்திருந்த கீரையைப் பறித்து வந்தார். அதையே பலவிதமாகச் சமைத்துவிட்டார் அந்த அம்மையார்.

அங்கே தியாகம் இருந்தது. ஆனால், இருவரும் கலந்து எடுத்த முடிவு அது. அவர்களுக்குக் காட்சி கொடுத்த ஈசன், கணவனும் மனைவியும் சேர்ந்தே தம் உலகில் வாழ அருளினார். இரண்டாவது குரலுக்கு உரிய சகோதரியே, அந்த அம்மையார் ஒரு காசும் சம்பாதித்தவர் அல்லர். ஆனால், அன்றைய தொண்டுக்கு யோசனையும் அவருடையது, கைப்பக்குவமும் அவருடையது. வீட்டுக்காரர் கொண்டுவரும் சம்பளத்தை ஒரு மாதத்துக்குச் சமாளித்துக் கரைசேர்க்கும் நீங்கள், அதில் ஈசனின் பங்கை எடுத்து வைக்க யாரிடமும் கை நீட்டத் தேவையில்லை. 'நம் வீட்டுப் பங்கு' என்று இருவரும் பேசி ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதன்பிறகு அது யாசகம் அல்ல, உரிமை.

இன்றே தொடங்கலாம்

* சமையலறையில் ஒரு டப்பா வையுங்கள். அரிசி களையும் முன் ஒரு பிடி அரிசியை அதில் போடுங்கள். மாதக் கடைசியில் கோயில் அன்னதானத்துக்கோ, பசித்தவருக்கோ கொடுங்கள். இது அதிபத்தரின் வழி.

* தையல், டியூஷன், அப்பளம், வடாம் என்று சிறு வருமானம் உள்ளவர்கள், மாதத்தில் ஒருநாள் வருமானத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டுச் செலவோடு கலக்காதீர்கள். இது தாயனாரின் கணக்கு.

* ஒரு கால பூஜை மட்டுமே நடக்கும் கோயில்கள் தமிழகத்தில் ஏராளம். உங்கள் ஊருக்கு அருகில் அப்படி ஒன்றைத் தேடி, ஒரு விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுங்கள். இது கலியரின் விளக்கு.

* கடன் வாங்கி தர்மம் செய்யாதீர்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும், மாமியாரின் மருந்துச் செலவையும் நிறுத்திச் செய்யும் தொண்டை ஈசன் உங்களிடம் கேட்கவில்லை.

* பெரிய முடிவு எதுவானாலும், வீட்டில் உள்ளவர்களோடு பேசி முடிவெடுங்கள். இது இளையான்குடிப் பாடம்.

அமைச்சர் எழுதிய புராணம்

இந்தக் கதைகளை நமக்குத் தந்த சேக்கிழார் யார்? குன்றத்தூரில் பிறந்து, 12-ம் நூற்றாண்டில் சோழப் பேரரசில் அமைச்சராக இருந்தவர். இரண்டாம் குலோத்துங்கனான அநபாய சோழனின் சபையில் பொறுப்பான பதவி. நாட்டு நிர்வாகத்தில் தோய்ந்த அந்த மனிதர்தான், சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையையும் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியையும் அடியொற்றி, 4,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் அடியார்களின் வரலாற்றைப் பாடினார். தில்லையில் அரங்கேற்றம் நிறைவுற்றபோது, சோழ மன்னனே அவரை யானைமீது ஏற்றித் தானும் அமர்ந்து கவரி வீசினான் என்கிறது வரலாறு.

உத்தியோகம் பார்த்த ஒருவர், குயவரையும் மீனவரையும் வெளுப்பவரையும் வணிகரையும் தேடித்தேடிப் பாடியிருக்கிறார். வேலைக்குப் போகிறவர்களின் பாடு அவருக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, அந்தப் புராணத்தில் ஈசன் துவைகல்லுக்கும், கடலுக்கும், வயல்வெளிக்கும், சமையல்கட்டுக்கும் தாமே தேடி வருகிறார்.

திருக்குறிப்புத் தொண்டருக்குச் சித்திரை சுவாதியிலும், இளையான்குடி மாறனாருக்கு ஆவணி மகத்திலும், அரிவாட்டாயருக்குத் தை திருவாதிரையிலும் குருபூஜை. அந்த நாட்களில் வீட்டில் சர்க்கரைப் பொங்கலோ, ஒரு கீரைக் கூட்டோ செய்து படையுங்கள். பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து, இவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாளை வேலைக்குப் போகும்போது அவர்களுக்கு அது கைகொடுக்கும்.