செரிமான நொதி மாத்திரைகள்: அறிந்து வாங்குவோம்

புணே நகரின் ஔந்த் பகுதியிலுள்ள மருந்துக் கடைகளிலும், நாட்டின் பிற நகரங்களில் உள்ளவற்றைப் போலவே, செரிமான மாத்திரைகளும் மருந்துக் குப்பிகளும் எளிதில் கிடைக்கின்றன. "தாவர நொதி" என்னும் சொல்லை நம்பி, மருத்துவரைக் கேளாமலே அவற்றை வாங்குவோர் உளர். அவை எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படா என்பதை அறிந்துகொள்வது உடல்நலத்துக்கும் குடும்பச் செலவுக்கும் நன்று.

நொதியின் பணி

உணவைச் சிறு கூறுகளாகப் பிரிக்கும் புரதங்களே செரிமான நொதிகள். உமிழ்நீர்ச் சுரப்பி, இரைப்பை, கணையம், சிறுகுடல் ஆகியவை இவற்றைச் சுரக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப்பணி உண்டு. அமைலேஸ் மாவுப்பொருளையும், புரோட்டியேஸ் புரதத்தையும், லிபேஸ் கொழுப்பையும் பிரிக்கும்.

தாவரம் தருபவை

பப்பாளிக்காயின் பாலிலிருந்து பப்பைனும், அன்னாசித் தண்டிலிருந்து புரோமலைனும் எடுக்கப்படுகின்றன. இரண்டும் புரதத்தைப் பிரிப்பவை. இறைச்சி மென்மையாக வேகும்பொருட்டுப் பப்பாளிக்காயை அரைத்துச் சேர்ப்பதன் காரணம் இதுவே. நன்கு பழுத்த பப்பாளியில் பப்பைன் மிகக் குறைவு.

செரிமான மாத்திரைகள் பலவற்றில் பப்பைனுடன் "ஃபங்கல் டயஸ்டேஸ்" சேர்ந்திருக்கும். மாவுப்பொருளைச் செரிக்கும் இந்நொதி பூஞ்சையிலிருந்து பெறப்படுவது. பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸும், பயறு வகைகளால் எழும் வாயுவைக் குறைக்கும் ஆல்பா கேலக்டோசிடேஸும் பெரும்பாலும் பூஞ்சை அல்லது ஈஸ்ட் வழி வருபவையே. இத்தகைய தொழில்துறை நுண்ணுயிர்களின் தேசியச் சேகரிப்பு, ஔந்தை அடுத்த பாஷாணில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பேணப்படுகிறது.

எவருக்குப் பயன்?

பால் அருந்தினால் வயிறு உப்புவோருக்கு லாக்டேஸ் உதவும், பப்பைன் உதவாது. கணையச் சுரப்புக் குறைந்தோருக்கு மருத்துவர் வழங்கும் நொதி பொதுவாகப் பன்றியின் கணையத்திலிருந்து பெறப்படுவது. தாவர மாத்திரை அதற்கு ஈடாகாது. நலமுடன் இருப்போர் நாள்தோறும் நொதி உட்கொள்வதால் பயனுண்டு என்பதற்கு வலுவான சான்று இல்லை. அளவாக உண்பதும் நன்கு மென்று விழுங்குவதும் செலவில்லா வழிகள்.

எச்சரிக்கை

வார்ஃபரின் போன்ற குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குப் பப்பைன், புரோமலைன் ஆகியவற்றால் குருதிக்கசிவு மிகக்கூடும். அவர்களும், கருவுற்றோரும், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்போரும், பப்பாளி, அன்னாசி, ரப்பர் பால் ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உடையோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே இவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

காரணமின்றி எடை குறைதல், மலத்தில் குருதி, எண்ணெய்ப் பசையுள்ள மலம், விழுங்குவதில் இடர், தொடர்ந்த வயிற்றுவலி ஆகியவை தோன்றின் மாத்திரையால் காலம் கடத்துதல் கூடாது. நோயைக் கண்டறிவதில் நேரும் தாமதமே இங்குப் பேரிழப்பு.

உறையில் காண வேண்டியவை

1. நொதியின் பெயரும் மூலமும். எடையைக் காட்டிலும் செயல்திறன் அலகே முக்கியம்.
2. உணவுத் துணைப்பொருளாக விற்கப்படின், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று" என்னும் பொருள்படும் அறிவிப்பும்.
3. காலாவதி நாள். வெப்பமும் ஈரமும் நொதியின் திறனைக் குறைக்கும்.

வைப்புப் படிவத்தில் கையொப்பமிடுமுன் சிறிய எழுத்துகளையும் படிக்குமாறு வங்கியில் நாங்கள் வேண்டுகிறோம். மாத்திரை உறைக்கும் அதே கவனம் தேவை.