விதையும் விரைவும்

புதிய பொருளை உருவாக்கும் பணியில் மிகுந்த விலையுடையது காலம். ஒட்டன்சத்திரம் சந்தையில் குவியும் முருங்கைக்காய் இதற்குச் சான்று பகரும். பல்லாண்டு முருங்கையைப் போத்து நட்டு வளர்ப்பது பழைய முறை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியினர், எப்போதும்வென்றான் வட்டார வகையிலிருந்து தலைமுறைதோறும் சிறந்த செடிகளைத் தேர்ந்தெடுத்து, விதையால் வளரும் பி.கே.எம்-1 என்னும் செடிமுருங்கையை 1989ஆம் ஆண்டு வெளியிட்டனர். அது விதைத்த ஆறு மாதங்களில் காய்க்கும்.

காய்த்த பின்னரே ஒரு செடியின் நலமும் குறையும் புலப்படும். ஆதலின் விரைந்து காய்ப்பதில் குறையும் விரைந்து தெரியும். திருத்தமும் விரைந்து அமையும். கடன் பெற்றுப் பயிரிடும் சிறு உழவருக்கு, இவ்வாறு மிஞ்சும் மாதங்களே வாழ்வாதாரம். எப்பொருளை ஆக்குவோரும் சோதனைக்கும் திருத்தத்திற்கும் இடைப்பட்ட காலத்தைச் சுருக்கினால், தரம் குறையாமலே பணி செம்மையுறும்.