ஓரியின் அம்பும் ஒரு போல்ட்டும்



ஆண்டு மலருக்குக் கவிதை எழுதித் தர நம் கல்லூரியில் ஆள் பஞ்சமில்லை. ஆகவே நான் ஒரு போல்ட்டைப் பற்றி எழுதுகிறேன். "போல்ட்டைப் பற்றி எழுத என்னடா இருக்கு?" என்று கேட்பீர்கள். எனக்கு இருக்கிறது. ஒரு போல்ட்டினால் நான் படிப்பையே விட்டுவிட இருந்தேன்.

தாழ்ப்பாள் என்று ஒரு பெயர்

என் ஊர் கொல்லிமலை. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். முதலாண்டு ஒர்க்ஷாப்பில், பிட்டிங் பிரிவில் ஒருநாள் ஆசிரியர், "தம்பி, போய் ரெண்டு போல்ட் வாங்கிட்டு வா" என்றார். எங்கள் வீட்டில் போல்ட் என்றால் ஒன்றுதான். ராத்திரி படுக்கும்போது "கதவுக்கு போல்ட் போட்டியா?" என்று அம்மா கேட்குமே, அந்த போல்ட். நேராகத் தச்சுப் பிரிவுக்குப் போனேன். இரண்டு கதவுத் தாழ்ப்பாள்களை வாங்கி வந்து பெஞ்ச் மேல் வைத்தேன்.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து என் பெயர் 'தாழ்ப்பாள்'. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "மலைக்காரனுக்கு மெக்கானிக்கல் எதுக்குடா?" என்று ஒருவன் கேட்டான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த வாரமே ஊருக்குப் போய், "இனிமே போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் மாமா என்னை எழுப்பினார். பிக்-அப் வேனில் அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றி நாமக்கல்லுக்குப் போகிறவர் அவர். "நீ காலேஜுக்குப் போகாட்டி பரவாயில்ல. என்கூட வா, ஒத்தாசையா இரு" என்றார். கிளம்பும்முன் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு வீல் நட்டையும் பிடித்துப் பார்த்தார். இடது பின்சக்கரத்தில் ஒன்று கால் சுற்றுத் திரும்பியது.

"காரவள்ளி போற வரைக்கும் எழுபது வளைவுடா. நட்டு ஒண்ணு லூசா இருந்தா ஏதாவது ஒரு வளைவு அதக் கேட்டுடும்" என்றார். கொஞ்ச நேரம் அந்த நட்டையே பார்த்தார். "போன வாரம்தான் டயர் மாத்துனேன். என் கையாலதான் நல்லா டைட் பண்ணுனேன். அப்புறம் ஏன் லூசாவுது? இதப் படிச்சிட்டு வந்து சொல்லத்தான உன்ன அனுப்புனோம்?"

நாமக்கல்லில் இறங்கிக் கல்லூரிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அம்புதான் ஆணியானது

முதலில் போனது நூலகத்துக்கு. போல்ட் என்ற சொல் என்னை இந்தப் பாடு படுத்தியதே, அது யார் என்று பார்க்க வேண்டும் அல்லவா? பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். பார்த்தால், பழைய ஆங்கிலத்தில் போல்ட் என்றால் ஆணியும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. அம்பு! குட்டையாக, தடித்து, கனத்த தலையோடு இருக்கும் அம்பு. குறுக்கு வில்லில் வைத்து எய்வது. அதன் ஜெர்மன் உறவான 'போல்ட்சன்' என்ற சொல்லுக்கும் இன்றுவரை அம்பு, ஆணி என்ற இரண்டு பொருளும் உண்டு.

ஒரு போல்ட்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். குட்டைத் தண்டு, தடித்த தலை. அந்த வடிவத்தைக் கண்டுதான் தலை தடித்த கம்பிகளுக்கெல்லாம் அம்பின் பெயரைச் சூட்டினார்கள். கதவில் குறுக்கே ஓடும் கம்பியும் போல்ட் ஆயிற்று. இரண்டு மரங்களைத் துளைத்துப் பிணைக்கும் கம்பியும் போல்ட் ஆயிற்று. அதாவது, நான் வாங்கி வந்த தாழ்ப்பாளும் ஆசிரியர் கேட்ட போல்ட்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! நான் அழைத்து வந்தது அண்ணனுக்குப் பதில் தம்பியை. அவ்வளவுதான்.

இங்கே என் ஊர்ப் பெருமையைச் சொல்லாமல் போக முடியாது. கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி, கடையேழு வள்ளல்களில் ஒருவன். புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் அவன் வில் திறத்தைச் சொல்கிறார். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்து நின்றதாம். ஐந்து தகடுகளை அடுக்கித் துளையிட்டு ஒரே போல்ட்டைச் செருகிய மாதிரி! அம்பின் பெயர் ஆணிக்கு ஏன் வந்தது என்று யாராவது கேட்டால், எங்கள் மலைக்காரன் செய்ததைச் சொல்லுங்கள், போதும்.

ஒரு சொல், பல கிளை

அம்பு என்ற ஒரு வேரைப் பிடித்துக்கொண்டால், குழப்பமாகத் தோன்றும் மற்றப் பொருள்களும் தாமே விளங்கும்.

1. வானத்திலிருந்து விழும் இடி 'தண்டர் போல்ட்'. விண்ணிலிருந்து எய்த அம்பு.

2. குதிரை மிரண்டு ஓடினால் அதுவும் போல்ட். வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போல் ஓடினான் என்று நாமும்தான் சொல்கிறோம்.

3. வெயில் ஏறினால் முள்ளங்கியும் கீரையும் திடீரென்று பூத்தண்டு விட்டு நெட்டுக்குத்தாக வளரும். ஆங்கிலத்தில் அதற்கும் போல்ட் என்றே பெயர்.

4. துணிக்கடையில் நிற்கும் உருண்டையான துணிச் சுருள் ஒரு போல்ட். வடிவத்தால் வந்த பெயர்.

5. விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தால் 'போல்ட் அப்ரைட்'. அம்பு போல் நேராக.

2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசேன் போல்ட்டின் பெயரும் இதுவே. வென்றதும் அவர் வில்லை இழுப்பது போல் நிற்பாரே, பெயருக்கு எவ்வளவு பொருத்தம்!

ஓர் எச்சரிக்கை. மாவு சலிப்பதற்கும் ஆங்கிலத்தில் போல்ட் என்று ஒரு பழைய சொல் உண்டு. அது பிரெஞ்சு வழி வந்த வேறு சொல். எழுத்து ஒன்றாக இருப்பதாலேயே உறவு என்று சொல்லிவிடக் கூடாது.

தமிழ் வேறு வழியில் போயிருக்கிறது. நாம் வடிவத்தையும் செயலையும் பார்த்துப் பெயர் வைத்தோம். திருகிப் போடுவதால் திருகாணி. அம்மாவின் தோட்டில் இருப்பதும் அதுதான். அதன் சுற்றுவரிக்கு மரை. புத்தி தடுமாறியவனை 'மரை கழண்டவன்' என்கிறோம். நட்டு போல்ட் வந்தபின் 'நட்டு கழண்ட கேஸ்' என்றும் சேர்த்துக்கொண்டோம்!

மரை வந்த வழி

பழைய போல்ட்டுகளில் பெரும்பாலும் மரை கிடையாது, வெறும் கம்பிதான். மரை வெட்டுவது கைவேலையாக இருந்த காலத்தில் ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. 1800-ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே, மரையைத் துல்லியமாக வெட்டும் லேத்தை உருவாக்கினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841-இல் எல்லோருக்கும் ஒரே அளவு வேண்டும் என்று முன்வைத்தார். அவர் வைத்த மரைக் கோணம் 55 டிகிரி. இன்று நாம் படிக்கும் மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. இரண்டையும் கலந்து போட்டால் ஓரிரு சுற்று ஏறிவிட்டு இறுகிக்கொள்ளும். 'ஸ்பேனர் இருக்கிறதே' என்று அழுத்தினால் மரை போய்விடும்.

இழுத்துக் கட்டிய வில்

இப்போது மாமாவின் கேள்விக்கு வருகிறேன். போல்ட் குறுக்கே நின்று தடுப்பதால்தான் சக்கரம் நிற்கிறது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி அல்ல. நட்டை முறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுகிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசைதான் சக்கரத்தையும் ஹப்பையும் அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே சக்கரத்தை நகரவிடாமல் வைக்கிறது. பள்ளியில் 'சுருள்வில்' படித்தோமே, முறுக்கிய போல்ட்டும் அப்படி ஒரு வில்தான்.

போல்ட் தலையில் 8.8 என்று இருக்கும். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் 800. சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாது. இரண்டு எண்ணையும் பெருக்கி 10-ஆல் பெருக்கினால் 640. அதற்கு மேல் இழுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. இந்த ரகத்தில் நம் சுண்டுவிரல் பருமன் உள்ள எம் 12 போல்ட்டைச் சரியாக முறுக்கினால், ஏறக்குறைய 3.5 டன் விசையோடு பிடிக்கும்.

அப்புறம் ஏன் லூசாகிறது? டயர் மாற்றும்போது சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே துரு, மண், பெயிண்ட் மாட்டிக்கொள்ளும். வண்டி ஓட ஓட அது நசுங்கும். ஒரு மயிரிழை நசுங்கினாலும் போல்ட்டின் நீட்சி குறையும்; இழுவிசை இறங்கும். நாண் தளர்ந்த வில்லாகிவிடும். அதன் பிறகு வளைவுக்கு வளைவு சக்கரம் நட்டை அசைத்துக் கழற்றும். அதனால்தான் சக்கரம் மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும் என்கிறார்கள். அதற்காக ஸ்பேனரில் பைப் சொருகி ஏறி மிதிக்கவும் கூடாது. அளவுக்கு மேல் இழுத்தால் வில்லும் முறியும்.

கடந்த ஆடியில் ஓரி விழாவுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப டயர் மாத்துன மறுநாளே ஒருக்கா பாத்துடணும்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலம், பக்கத்து வண்டிக்காரரை நிறுத்தி அவரே இதை விளக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு வேண்டுகோள்

நண்பர்களே! உருவத்தைப் பார்த்து யாரையும் இகழாதே என்று சொல்ல வந்த வள்ளுவர், பெரிய தேருக்கு அச்சாணியைத்தான் உவமையாகக் காட்டினார். அடுத்த ஆண்டும் ஏதோ ஒரு மலையிலிருந்து, ஏதோ ஒரு காட்டுக் கொட்டாயிலிருந்து ஒரு தம்பி வருவான். போல்ட் கேட்டால் தாழ்ப்பாளோடு வந்து நிற்பான். சிரிக்கலாம், எனக்கே இப்போது சிரிப்புத்தான் வருகிறது. சிரித்து முடித்ததும் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு போல்ட்டையும் காட்டுங்கள்.

மாணவர் சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஒர்க்ஷாப் வாசலில் ஒரு பலகை வைப்போம். கருவிகளின் படம், ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர், ஒரு வரி விளக்கம். செலவு அதிகம் ஆகாது. படம் நான் வரைகிறேன். முதல் வரியில் 'போல்ட்' என்று எழுதி, பக்கத்தில் ஓர் அம்பு போடலாம்.

– 'தாழ்ப்பாள்',
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்