ரெஃப்ரெஷ் கொடுத்தால் வேகம் கூடுமா?

நம்பிக்கை: டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து நாலு தடவை ரெஃப்ரெஷ் கொடுத்தால் கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாகும்.

உண்மை: ஆகாது. டெஸ்க்டாப்பும் ஒரு ஃபோல்டர்தான். அதில் என்னென்ன இருக்கிறது என்று மறுபடி பார்த்து ஐகான்களை வரைவதோடு ரெஃப்ரெஷின் வேலை தீர்ந்தது. ராம் காலியாவதில்லை. ஐகான்கள் கண்சிமிட்டுவதைப் பார்த்ததும் நமக்குத்தான் ஒரு திருப்தி.

நம்பிக்கை: நிழல், கண்ணாடி விளிம்பு எல்லாவற்றையும் அணைத்தால் திரை வேகமாக வரையப்படும்.

உண்மை: இந்த அறிவுரையின் வேர் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இருக்கிறது. அன்று எல்லா விண்டோக்களும் ஒரே பரப்பில் வரையப்பட்டன. ஒன்றை நகர்த்தினால், அடியில் வெளிப்படும் பகுதியை அதற்குரிய புரோகிராமே மறுபடி வரைந்தாக வேண்டும். அது வேறு வேலையில் சிக்கியிருந்தால், இழுத்த விண்டோவின் தடம் சீட்டுக்கட்டை விரித்ததுபோல் திரையெங்கும் கிடக்கும். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ஏரோ என்ற திரைத்தோற்றம் இந்த முறையையே மாற்றியது. ஒவ்வொரு விண்டோவும் தனக்கென ஒதுக்கிய நினைவகத்தில் வரையப்படும். அவற்றை அடுக்கித் திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் சிப்பின் பாடு. நகர்த்தும்போது எந்தப் புரோகிராமும் எதையும் திரும்ப வரைய வேண்டாம். விண்டோஸ் 7இல் வேகம் வேண்டி ஏரோவை அணைத்தவர்கள், விட்டொழிந்த வேலையைப் புரோகிராம்களின் தலையில் மீண்டும் கட்டினார்கள். விண்டோஸ் 8 முதல் இந்த அடுக்கும் முறையை அணைக்கவே வழியில்லை. அனிமேஷனை நிறுத்தினால் மெனு சட்டென்று வருவது நிஜம். ஆனால் அதில் குறைவது காத்திருப்பு மட்டுமே.

நம்பிக்கை: விலை கூடிய கிராபிக்ஸ் கார்டு போட்டால் விண்டோ உறைந்துபோகாது.

உண்மை: 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமை (திரையின் ஒரு முழுப் படத்தை) வரையக் கிடைக்கும் அவகாசம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். வரைவதும் கிளிக்குக்குப் பதில் சொல்வதும் பெரும்பாலும் ஒரே திரெட்டின் (புரோகிராமுக்குள் ஓடும் ஒரு வேலைத் தொடரின்) பொறுப்பு. அது பெரிய ஃபைலைப் படிக்கப் போய்விட்டால், எந்தக் கார்டாக இருந்தாலும் வரையச் சொல்ல ஆளில்லை. சில விநாடிகளில் விண்டோ வெளுத்து, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும். மருந்து புரோகிராம் எழுதியவரிடம்தான் இருக்கிறது. கனமான வேலையை வேறு திரெட்டுக்குத் தள்ளலாம். விண்டோவில் மாறிய செவ்வகப் பகுதியை மட்டும் வரையலாம். பத்தாயிரம் வரிப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியும் முப்பது வரிகளை மட்டும் உருவாக்கலாம்.

நம்பிக்கை (இது புரோகிராமர்களுடையது): டபுள் பஃபரிங் வேகத்தைக் கூட்டும்.

உண்மை: அது போக்குவது மினுக்கலை. மறைவாக வரைந்து மொத்தமாக நகலெடுப்பதால் வேலை ஒன்று கூடவே செய்கிறது; 4கே திரை முழுவதற்கும் அந்த நகல் ஒவ்வொரு முறையும் சுமார் 33 எம்பி.