பாத்தியைக் கிளறும் பூனை: ஒரு வீட்டுத்தோட்டப் பாடம்



இம்முறை நாம் படிக்கப்போவது ஒரு சின்ன விசயம்போலத் தெரியும். ஆனால் எத்தனையோ லயங்களில் இந்தச் சின்ன விசயத்தால் பெரிய சண்டைகள் வந்திருக்கின்றன. வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டவும்.

முதலில் ஒரு கதை. உங்கள் லயத்திலும் இப்படி நடந்திருக்கலாம்.

கீழ் லயத்து அக்கா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குனிந்து மண் கொத்தி, சாணி உரம் போட்டு, ஒரு பாத்தியில் கரட் விதையும் மறு பாத்தியில் லீக்ஸ் நாற்றும் போட்டார். திங்கட்கிழமை பெரட்டுக்குப் போகும்போது பாத்தி பாய் விரித்ததுபோல இருந்தது. புதன்கிழமை கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பார்த்தால் அங்கே ஒரு குழி, இங்கே ஒரு குழி. விதையெல்லாம் மேலே கிடந்தது. நடுவிலே பூனைப் பீ!

அக்காவுக்கு வந்ததே கோபம். கடைசிக் காம்பராவுக்கு முன்னால் போய் நின்று, "தாத்தா, ஒங்க பூனைய கட்டி வைங்க. இல்லாட்டி நான் என்ன செய்வேன்னு தெரியாது" என்று சத்தம் போட்டார்.

"எம் பூனை மேல பழி போடாத புள்ள. இந்த லயத்துல எத்தன பூனை சுத்துதுன்னு எண்ணிப் பாத்தியா?" என்றார் தாத்தா.

பேச்சு வளர்ந்தது. அன்று இரவு யாரோ ஒரு பையன் கருவாட்டுத் தலையில் எலி நஞ்சைத் தடவி, பாத்தி ஓரத்தில் வைத்துவிட்டான். விடிந்து பார்த்தபோது செத்துக் கிடந்தது பூனை அல்ல. பக்கத்து வீட்டாரின் இரண்டு முட்டைக் கோழிகள். மிச்சமிருந்த கருவாட்டுத் துண்டு ஒரு நாலு வயதுப் பிள்ளையின் கையில் இருந்தது. நல்லவேளையாக அதன் ஆச்சி பார்த்துத் தட்டிவிட்டார்.

இன்னொன்றும் நடந்தது. குழம்பிய பாத்தியைத் துப்புரவாக்க அக்கா அனுப்பியது தன் மருமகளை. அந்தப் பிள்ளை மூன்று மாதக் கர்ப்பிணி. வெறுங்கையால் பூனைப் பீயை அள்ளிப் போட்டார். இதில் உள்ள ஆபத்து அக்காவுக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது.

பூனை ஏன் நம் பாத்திக்கு வருகிறது?

பூனை நம்மேல் உள்ள கோபத்தால் வருவதில்லை. மலம் கழிக்குமுன் குழி தோண்டுவதும், பிறகு மண் போட்டு மூடுவதும் அதன் பிறவிக் குணம். அதற்கு வேண்டியது காய்ந்த, பொலபொலவென்ற, வெறும் மண். லயத்தைச் சுற்றி உள்ள நிலம் மிதிபட்டு இறுகிப் போயிருக்கிறது. நாம் கொத்திப் பண்படுத்திய பாத்திதான் அதற்கு மெத்தைபோல இருக்கிறது. தை, மாசி மாதங்களில் மழை குறைந்து மண் காயும்போது தொல்லை கூடுவதும் இதனால்தான். கூரை ஓரத்தில் நனையாமல் இருக்கும் பாத்தியையும் பூனை விரும்பும்.

ஒருமுறை போன இடத்திற்கு அது மணம் பிடித்து மறுபடி வரும். மீன் கழிவு, கருவாட்டுத் தலை, மிச்சச் சோறு ஆகியவற்றைக் கானில் கொட்டினால் எலியும் வரும், பூனையும் வரும்.

பூனைப் பீயால் வரும் ஆபத்து

1. டொக்சோபிளாஸ்மா என்று ஒரு கிருமி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கிருமி உள்ள எலியையோ பச்சை இறைச்சியையோ தின்ற பூனைக்கு இது தொற்றும். பிறகு ஒன்று முதல் மூன்று கிழமை வரை அதன் மலத்தில் கிருமி வெளியேறும். புதிதாகக் கிடக்கும் மலத்தில் உள்ள கிருமி உடனே தொற்றாது. அதற்கு 1 முதல் 5 நாள் வரை செல்லும். அதன்பின் ஈர மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் அது உயிரோடு இருக்கக் கூடும். மலத்தை அன்றன்றே அகற்ற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பெரும்பாலானோருக்கு இந்தக் கிருமி தொற்றினாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் கர்ப்ப காலத்தில் ஒரு தாய்க்கு முதன்முதலாகத் தொற்றினால் கரு கலையலாம். பிறக்கும் பிள்ளையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். ஆகவே கர்ப்பிணித் தாய்மார் பூனைப் பீயைத் தொடக்கூடாது. பாத்தி வேலையை வேறொருவர் செய்யட்டும். ஆள் இல்லாவிட்டால் கையுறை போடுங்கள். அதுவும் இல்லையென்றால் துளை இல்லாத சொப்பிங் பேக்கைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் கேளுங்கள். பயந்து மறைக்க வேண்டாம். பூனையைத் தடவினாலே நோய் வந்துவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். மண்ணிலிருந்தும், கழுவாத மரக்கறியிலிருந்தும், சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும்தான் இது பெரும்பாலும் வருகிறது.

2. பூனை மலத்தில் கொக்கிப் புழுவும் வட்டப் புழுவும் இருக்கலாம். கொக்கிப் புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். காலில் கோடு கோடாகச் சிவந்து அரிக்கும். பாத்தியில் வேலை செய்யும்போது செருப்போ பூட்ஸோ போடுங்கள். மண்ணில் விளையாடிய பிள்ளைகளின் கையைச் சாப்பாட்டுக்கு முன் கழுவிவிடுங்கள்.

பாத்தியைக் காப்பது எப்படி?

செலவில்லாத வழிகளை முதலில் சொல்கிறோம்.

1. பழைய மலத்தை மண்ணோடு சேர்த்துத் தட்டுக் கரண்டியால் அள்ளுங்கள். பீலிக்கும் ஓடைக்கும் தூரமாக ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். மரக்கறிக்குப் போடும் கூட்டெருவில் சேர்க்க வேண்டாம். பழைய மணம் போனால்தான் பூனை திரும்ப வருவது குறையும்.

2. விதை போட்ட அன்றே, இருட்டுமுன் பாத்தியை மூடுங்கள். இதற்குக் கவ்வாத்து மிலார் போல நல்ல சாமான் வேறில்லை. மெல்லிய மிலார்களைப் பாத்தியின்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் படுக்க வையுங்கள். இடைவெளி அரைச் சாணுக்கு மேல் இருக்கக்கூடாது. பூனைக்குக் கால் வைத்துத் தோண்டவும் குந்தவும் இடம் இருக்காது. கரட் முளை இடைவெளியால் மேலே வரும். சிலர் குச்சியைக் கூராகச் சீவி நிமிர்த்தி நடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். விளையாடும் பிள்ளை அதன்மேல் விழுந்தால் கண் போய்விடும்.

3. கோழிக்கூட்டுக் கம்பி வலையில் பழைய துண்டு இருந்தால், அதை மண்ணின்மேல் தட்டையாக விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். செடி வலையில் சிக்குமுன் எடுத்துவிடலாம். நாற்றுப் பாத்திக்கு மூங்கில் சிம்பை வளைத்து, அதன்மேல் பழைய நுளம்பு வலையைக் கட்டலாம்.

4. மண்ணை வெறுமையாக விடாதீர்கள். அறுவடை முடிந்த பாத்தியிலும் காய்ந்த இலை, சருகு, புல்லு போட்டு மூடுங்கள். மழையில் மண் கழுவிப் போவதையும் இது தடுக்கும்.

5. மாலையில் தண்ணீர் தெளியுங்கள். ஈர மண்ணைத் தோண்டப் பூனைக்குப் பிடிக்காது. நாற்று அழுகும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டாம்.

6. பூனைக்கும் ஓர் இடம் கொடுங்கள். பாத்திக்குத் தூரமாக, மழை படாத மூலையில், மூன்றடிக்கு மூன்றடி அளவில் காய்ந்த மணலோ பொடி மண்ணோ கொட்டி வையுங்கள். பாத்தி மூடியிருந்து மணல் திறந்திருந்தால் பூனை மணலுக்குத்தான் போகும். தினமும் ஒருவர் அள்ளிப் புதைக்க வேண்டும். பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கக்கூடாது.

செய்யக் கூடாதவை

நஞ்சு வைக்காதீர்கள். அது பூனையைத் தேடிப் போகாது. முதலில் காண்பவர் தின்பார். அது கோழியாகவும் இருக்கலாம், நம் பிள்ளையாகவும் இருக்கலாம். களைக்கொல்லி, மண்ணெண்ணெய், பூச்சி உருண்டை ஆகியவற்றையும் பாத்தியில் போடக்கூடாது. நாம் தின்னும் கீரை அந்த மண்ணில்தான் வளர்கிறது.

கொச்சிக்காய்த் தூள் பூனையின் கண்ணை எரிக்கும், நம் பிள்ளைகளின் கண்ணையும் எரிக்கும். ஒரு மழைக்கே கரைந்தும் போகும். தோடம்பழத் தோலின் மணம் இரண்டொரு நாளைக்குத்தான். போத்தலில் தண்ணீர் நிரப்பி வைப்பதை நம்பிப் பாத்தியை மூடாமல் விடாதீர்கள்.

பூனையைச் சாக்கில் கட்டி அடுத்த டிவிசனில் விட்டுவிட்டால் தொல்லை தீராது. சாப்பாடு கிடைக்கும் இடம் காலியானால் வேறு பூனை வந்து சேரும். மிருகங்களை வதைப்பதற்கு எதிரான சட்டம் இந்த நாட்டில் 1907ஆம் ஆண்டிலேயே கொண்டுவரப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். எலியைப் பிடிப்பதும் இந்தப் பூனைதான். எலி பெருகினால் மாவும் அரிசியும் மட்டுமல்ல, எலிக்காய்ச்சல் ஆபத்தும் நம் தலையில்தான் விழும்.

பூனையைத் துரத்திப் பிடிக்கும்போது கடித்தாலோ பிறாண்டினாலோ அசட்டையாக இருக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சவுக்காரம் போட்டுப் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாயைப்போலப் பூனையாலும் விசர்நோய் வரலாம்.

லயம் முழுவதும் சேர்ந்தால்

ஒரு பெண் பூனை பிறந்து ஐந்தாறு மாதத்திலேயே சினையாகலாம். சினைக்காலம் ஏறக்குறைய 9 கிழமை. ஒரு ஈற்றில் மூன்று, நான்கு குட்டி. வருடத்தில் இரண்டு, மூன்று ஈற்று. குட்டி போடாமல் சத்திரசிகிச்சை செய்வதே நிலையான வழி. இதைப்பற்றி உங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு வீடு தனியாகக் கேட்பதைவிடப் பத்து வீடு சேர்ந்து கேட்டால் காரியம் நடக்கும்.

நம் கதையில் வந்த கீழ் லயமும் அப்படித்தான் திருந்தியது. கோழி செத்த அன்று மாலை எல்லோரும் இஸ்தோப்பில் கூடினார்கள். கோழிக்காரருக்கு நட்டம் கொடுத்தார்கள். பாத்திகளுக்கு மிலார் போட்டார்கள். மணல் மூலையைத் தினமும் துப்புரவாக்கும் வேலையைத் தாத்தா தானே ஏற்றுக்கொண்டார். மருமகளை அக்காவே கிளினிக்குக் கூட்டிப்போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். இரண்டாவது முறை போட்ட கரட் முளைத்து வந்தபோது முதல் பிடியைத் தாத்தா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாராம்.

"பூனைக்குப் புத்தி சொல்ல முடியாது தாத்தா. நமக்கு நாமதான் சொல்லிக்கணும்" என்றாராம் அக்கா.

படித்ததை நினைவுபடுத்துங்கள்

1. பூனைப் பீயை ஏன் அன்றன்றே அகற்ற வேண்டும்?
2. கர்ப்பிணித் தாய் எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும்?
3. மிலார் போடும்போது இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்? ஏன்?
4. நஞ்சு வைப்பதால் உங்கள் லயத்தில் யார் யாருக்கு ஆபத்து வரலாம்?
5. உங்கள் லயத்தில் மணல் மூலைக்கு ஏற்ற இடம் எது? இன்று மாலை நாலு பேராகப் போய்ப் பாருங்கள்.