ஒரு நாள், இரு தேதிகள்

நுழையும்முன்

உற்பத்தித் தேதி, வருகைப் பதிவு, ஊதியக் கணக்கு ஆகியவற்றை இன்று தொழிற்கூடங்களில் கணினியே கணக்கிடுகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையும் இதற்கு விலக்கன்று. அக்கணினியிடம் அப்பகுதியின் 17ஆம் நூற்றாண்டு நாளொன்றைக் கேட்டால் சரியான விடை கிடைக்குமா?

திருவள்ளூர் மாவட்டப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். அதற்குத் தெற்கே, சென்னையில் ஆங்கிலேயர் கட்டிய புனித ஜார்ஜ் கோட்டையின் முதற்பகுதி நிறைவுற்றதாகக் கூறப்படும் நாள் 1640 ஏப்ரல் 23. அதே நாள் பழவேற்காட்டு டச்சுக்காரரின் கணக்கில் மே 3 ஆகும். ஒரே கடற்கரையில் ஒரே நாளுக்கு இரு தேதிகள் வழங்கின.

இதற்குக் காரணம் நாட்காட்டிச் சீர்திருத்தமே. ஜூலியன் நாட்காட்டி ஓராண்டுக்கு 365¼ நாள் எனக் கொண்டது. இஃது உண்மையான ஆண்டைவிட ஏறத்தாழ 11 நிமிடம் மிகுதி. அச்சிறு பிழை நூற்றாண்டுகள்தோறும் திரண்டு நாள்களாகப் பெருகியது. எனவே, போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 என அறிவித்தார். 400ஆல் வகுபடாத நூற்றாண்டு ஆண்டுகள் லீப் ஆண்டுகள் ஆகா என்றும் விதிக்கப்பட்டது. ஆலந்து சில மாதங்களிலேயே இதனை ஏற்றது. இங்கிலாந்தோ 1752இல்தான் ஏற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று.

பைத்தான் போன்ற கணினி மொழிகள் கிரகோரியன் விதியையே கடந்த காலத்திற்கும் நீட்டிக்கின்றன. அதனால் 1640 ஏப்ரல் 23 என உள்ளிட்டால் ‘திங்கட்கிழமை’ என்று விடை வரும். ஆங்கிலேயர் அத்தேதியிட்ட நாளோ வியாழக்கிழமை. யுனிக்ஸ் இயங்குதளத்தின் ‘கேல்’ கட்டளை மரபாக 1752ஐ எல்லையாகக் கொள்வதால் வியாழன் என்றே காட்டும்.

பழவேற்காட்டில் மே 3 எனத் தேதியிட்ட மடலொன்று இரண்டு நாளில் சென்னையை அடைந்ததாகக் கொள்வோம். அங்கு அது ஏப்ரல் 25 எனப் பதிவாகும். இரு தேதிகளையும் அப்படியே உள்ளிட்டால், எழுதப்படுமுன்னரே மடல் வந்துசேர்ந்ததாகக் கணினி வரிசைப்படுத்தும். காரணமும் விளைவும் இடம் மாறினால் வரலாறு பிழைபடும்.

இதற்குத் தீர்வு நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணுவதாகும். ஜூலியன் நாள் எண் முறையில் மேற்கூறிய ஏப்ரல் 23, மே 3 ஆகிய இரண்டும் 23,20,181 என்னும் ஒரே எண்ணைப் பெறும். கலியுகத் தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ணிய நம் வானியலாரின் ‘அகர்கணம்’ என்னும் முறையும் இத்தகையதே.

ஆகவே, பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்றுவோர் தேதியுடன் நாட்காட்டியின் பெயரையும் பதிதல் வேண்டும். கேட்கப்பட்ட வினாவுக்கே கணினி விடை தரும். வினாவைச் செம்மையாக அமைப்பது நம் கடமையாகும்.